ஜமேதார் டாக்டரும் பார்க் புத்தகமும்

என் பெரிய தாத்தா டாக்டர், ஆனால் ஜமேதார். இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்பது சிறுவயதில் எனக்குப் பிடிபடவே இல்லை. எங்களுக்குத் தெரிந்த டபேதார், ஜமேதார் எல்லாம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் டவாலியோடு நிற்பவர்கள். கூடத்துச் சுவரில் இருந்த படத்தில் பெரிய தாத்தா காக்கி அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை இழுத்துவிட்ட சாக்ஸும் போட்டு, கக்கத்தில் ஒரு பிரம்பை இடுக்கிக்கொண்டு நிற்பார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் கிடையாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது படத்தைக் கழற்றினால் மட்டும் அதன் முதுகு தெரியும். 'ராயபுரம் எல்.எம்.பி.' என்று அப்பா பென்சிலால் எழுதிவைத்திருந்தார்.

போன மார்கழியில் தம்பி மகள் ஒரு தடித்த ஃபைலோடு வேலூரில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் அந்தப் படம் மறுபடி நினைவுக்கு வந்தது. அவள் எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜன்ஸியும் முடித்துவிட்டாள். ராணுவத்தில் ஷார்ட் சர்வீஸ் கமிஷனுக்கு விண்ணப்பித்திருந்தாள். நீட் பி.ஜி. மதிப்பெண்ணை வைத்துப் பெயர்களை வடிகட்டி, மிஞ்சியவர்களை தில்லி கன்டோன்மென்ட்டுக்கு நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அழைப்பு வந்துவிட்டது.

"எம்.டி. சீட்டுக்காகத்தான் பெரியப்பா போறேன். உங்ககிட்ட என்ன மறைக்கிறது."

"அதை அங்கே போய்ச் சொல்லாதே."

"அப்போ என்ன சொல்லணும்?"

அவள் ஃபைலில் முந்நூறு கேள்விகளுக்குப் பதில் இருந்தது. சர்ஜரி, மெடிசின், மயக்க மருந்து, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' வரை. நான் பாதி நாள் புரட்டிப் பார்த்தேன். பதில்கள் எல்லாம் சரி. ஆனால் முப்பது வருஷம் பச்சைச் சீருடையில் இருந்துவிட்டு வந்தவனுக்கு, இதில் பாதி கேட்கப்படாது என்று தெரியும். ராணுவம் டாக்டர்களைப் பொறுக்கி எடுத்த கதை பழையது. அதைக் கொஞ்சம் சொன்னால்தான் அவளுக்கு விளங்கும் என்று தோன்றியது. சொல்லச் சொல்ல, எனக்கே அது பெரிய தாத்தாவின் கதையாகப் போய்விட்டது.

வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவ வைத்தியத்துக்கு இரண்டு வாசல். முன்வாசல் இந்தியன் மெடிக்கல் சர்வீஸ், ஐ.எம்.எஸ். அதில் நுழைபவர் அரசரின் கமிஷன் பெற்ற அதிகாரி. எடுத்த எடுப்பில் லெஃப்டினென்ட். போகப்போக மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் பிரின்சிபால், ஜில்லா மெடிக்கல் ஆபீசர், சிறை சூப்பிரண்டு என்று எந்த நாற்காலியும் அவருக்கு உண்டு. பின்வாசல் இந்தியன் மெடிக்கல் டிபார்ட்மென்ட். அதற்குள்ளும் இரண்டு படி இருந்தது. ஆங்கிலோ-இந்தியர்களுக்கு அசிஸ்டென்ட் சர்ஜன். அதற்குக் கீழே நம்மவர்களுக்கு சப்-அசிஸ்டென்ட் சர்ஜன். அதற்கும் முந்திய பெயர் ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட். இவர்களுக்கு வைஸ்ராய் கமிஷன்: ஜமேதார், சுபேதார், கடைசியில் சுபேதார் மேஜர். இருபது வருஷம் பேதியும் பிரசவமும் பார்த்து நரைத்த சுபேதார் டாக்டர், எடின்பரோவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய இருபத்துமூன்று வயதுப் பையனுக்கு விறைத்து நின்று சல்யூட் அடிக்க வேண்டும். பையனுக்கு மூலக்கொதிப்புக்கும் சீதபேதிக்கும் வித்தியாசம் தெரியாவிட்டாலும் அடிக்க வேண்டும்.

பெரிய தாத்தா வந்தது பின்வாசல் வழியாக. ராயபுரத்தில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியோடு ஒட்டியிருந்த மெடிக்கல் ஸ்கூல், பின்னாளில் ஸ்டான்லி என்று பெயர் மாறியதே, அங்கே படித்த எல்.எம்.பி. அவர். காலேஜ் வேறு, ஸ்கூல் வேறு. பட்டம் இல்லை, உரிமம்தான்.

இந்தப் பிரிவினையைப் போட்டது சென்னையின் முதல் மருத்துவப் பள்ளியேதான் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். 1835 பிப்ரவரியில், ஃப்ரெடெரிக் ஆடம் கவர்னராக இருந்தபோது, பொது ஆஸ்பத்திரி வளாகத்தில் தொடங்கிய பள்ளி அது. ஊர் ஜனங்களுக்கு டாக்டர் தயாரிப்பது அதன் முதல் நோக்கமாக இருக்கவில்லை. கம்பெனிப் பட்டாளத்தின் ஆஸ்பத்திரிகளில் வெள்ளைக்கார சர்ஜனுக்குக் கைவேலை செய்ய ஆள் வேண்டும். அவர்களுக்குக் கொஞ்சம் படிப்பும் வேண்டும். அதனால் இரண்டு விதமான பையன்களைச் சேர்த்தார்கள்: ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்திய அப்ரன்டிஸ்கள் ஒரு பக்கம்; 'நேட்டிவ்' மாணவர்கள் ஒரு பக்கம். கட்டுக் கட்டும் ஆளுக்கு 'டிரெஸ்ஸர்' என்று பெயர். அந்தப் பெயர் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வெகுகாலம் இருந்தது. என் அம்மா சாகும்வரை காயம் பட்டால் டிரெஸ்ஸரிடம் போ என்றுதான் சொல்வாள். 1850-இல் பள்ளி காலேஜ் ஆனது. வாசல் இரண்டும் அப்படியே இருந்தன.

முன்வாசலுக்கு அதுவரை பரீட்சை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் டைரக்டர் ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும். அவர் பெயரைச் சொல்லி நியமித்தால், பேருக்குச் சில கேள்வி கேட்டுக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். 1853-ஆம் வருஷத்து சாசனச் சட்டம் இந்தச் சலுகையைப் பிடுங்கிப் போட்டிப் பரீட்சைக்குக் கொடுத்தது. 1855 ஜனவரியில் முதல் பரீட்சை லண்டனில் நடந்தது. டைரக்டர்கள் எதிர்பாராத ஒருவர் அதில் உட்கார்ந்திருந்தார்: சூர்ஜோ குமார் சக்கரவர்த்தி.

டாக்கா பக்கத்துக் கிராமத்துப் பையன். கல்கத்தா மெடிக்கல் காலேஜில் படித்தவர். 1845-இல் பேராசிரியர் குட்ஈவ் நான்கு மாணவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனபோது அதில் ஒருவராகக் கப்பலேறினார். மதம் மாறி, ஆசிரியரின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அந்த முதல் பரீட்சையில் அவருக்கு இரண்டாவது இடம். எழுதியவனின் முகம் விடைத்தாளில் தெரியாது என்பதால் கிடைத்த இடம் அது. பிற்பாடு கல்கத்தாவில் பேராசிரியர் ஆனார். 1874-இல் லண்டனில் காலமானார்.

அடுத்து அலை அலையாக இந்தியர்கள் உள்ளே போயிருப்பார்கள் என்று நினைத்தால் தப்பு. பரீட்சை லண்டனில் மட்டும்தான். மெட்ராஸில் தங்க மெடல் வாங்கியவனும் கப்பல் கூலி கொடுத்து, கடல் கடந்ததற்கு ஊரில் பிராயச்சித்தமும் செய்து, அங்கேயே ஒரு பிரிட்டிஷ் லைசென்ஸும் வாங்கியாக வேண்டும். வயது இருபத்தெட்டைத் தாண்டக்கூடாது. விதிமுறையில் ஒரு வரி இருந்தது. விண்ணப்பிப்பவர் ஐரோப்பிய வம்சமாகவோ இந்திய வம்சமாகவோ இருக்கலாம், உடல் நலம் வேண்டும், அதோடு கமிஷன் பெற எல்லா வகையிலும் ஏற்றவர் என்று இந்தியா மந்திரி கருத வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கடைசித் துண்டைப் பாருங்கள். மார்க் எவ்வளவு எடுத்தாலும், 'ஏற்றவர்' என்று இன்னொருவர் கருத வேண்டும். இன்றைக்கு நாம் நேர்முகம் என்று சொல்வது அந்தத் துண்டிலிருந்து முளைத்ததுதான் என்பது என் எண்ணம். அது நல்லதற்கும் பயன்பட்டது, கெட்டதற்கும் பயன்பட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரைமியப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் குண்டுபட்டுச் செத்ததைவிட வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் செத்தது பல மடங்கு. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மந்திரிகளைத் தூங்கவிடவில்லை. அதன் விளைவாக 1860-இல் சாத்தம் ஊரின் ஃபோர்ட் பிட்டில் ராணுவ மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1863-இல் சவுதாம்ப்டன் அருகே நெட்லி ஆஸ்பத்திரிக்கு இடம் மாறியது. கால் மைல் நீளக் கட்டடம். கடலிலிருந்து பார்த்தால் அரண்மனை. உள்ளே காற்றோட்டம் போதாது என்று நைட்டிங்கேல் கட்டும்போதே கத்தினார், யாரும் கேட்கவில்லை. இந்தியாவிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்ட நோயாளிச் சிப்பாய்கள் அங்கேதான் வந்து படுத்தார்கள். லண்டன் பரீட்சையில் தேறிய ஐ.எம்.எஸ். பையன்களுக்கு அங்கே நான்கு மாதப் பயிற்சி. லண்டன் மார்க்கையும் நெட்லி மார்க்கையும் கூட்டித்தான் வரிசை.

நெட்லியில் சொல்லிக்கொடுத்த பாடங்களில் புதிது என்றால் சுகாதாரம். அதற்கு முதல் பேராசிரியர் எட்மண்ட் பார்க்ஸ். இந்த மனிதர் நமக்குத் தூரத்து உறவு. 1840-களில் ஒரு பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டோடு உதவி சர்ஜனாக மெட்ராஸிலும் மௌல்மேனிலும் இருந்து, சீதபேதியையும் ஈரல் கட்டியையும் காலராவையும் கண்ணால் பார்த்தவர். கிணறு எங்கே, கக்கூஸ் எங்கே, பாரக்கில் ஒரு ஆளுக்கு எத்தனை கன அடி காற்று, சப்பாத்தி மாவில் புழு இருக்கிறதா, சிப்பாயின் முதுகு மூட்டை எத்தனை பவுண்டு: பார்க்ஸின் பாடம் இதுதான். காலை வெட்டத் தெரிந்த சர்ஜன்கள் அதைக் கேட்டு முகம் சுளித்திருப்பார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும், நானும் சுளித்தவன்.

1986 ஜனவரி. என் நேர்முகத்துக்கு வேலூரிலிருந்து சென்னை போய், அங்கிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி. சிநேகிதனின் கல்யாணக் கோட்டைக் கடன் வாங்கிப் போட்டிருந்தேன். தோள்பட்டை ஒரு அங்குலம் வெளியே தொங்கியது. நிஜாமுதீன் தாண்டும்போது வாயிலிருந்து புகை வருவதை முதல்முறை பார்த்தேன். வழி நெடுக பெய்லி அண்ட் லவ் சர்ஜரிப் புத்தகம் மடியில். குடல் அடைப்பும் மண்ணீரல் சிதைவும் தலைகீழாகச் சொல்வேன்.

மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம். நடுவில் இருந்தவர் சர்தார். முதல் கேள்வி:

"நூறு பேர் மூன்று நாள் ஒரு மைதானத்தில் தங்கப் போகிறார்கள். கக்கூஸ் எங்கே வெட்டுவீர்கள்?"

எனக்கு மண்ணீரல் எங்கோ நழுவியது. எம்.பி.பி.எஸ். படித்த எல்லோருக்கும் தெரியும், பி.எஸ்.எம். என்கிற சமூக மருத்துவத்துக்கு பார்க் எழுதிய தடிப்புத்தகம்தான் கதி. அதை முழுசாகப் படித்தவன் என்று எங்கள் பேட்சில் யாருமில்லை. பரீட்சைக்கு முந்தைய வாரம் திறப்போம். கக்கூஸ் அத்தியாயத்தைத் திறந்ததே இல்லை. நான் என் ஊரை நினைத்துக்கொண்டேன். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று முதலில் பார்ப்பேன், சமையல் கொட்டகைக்கும் தண்ணீருக்கும் எட்ட, காற்று போகிற பக்கம், பள்ளத்தில் தண்ணீர் இருந்தால் அதற்கு மேட்டுப் பக்கம் வெட்டவே மாட்டேன் என்றேன். எட்ட என்றால் எத்தனை கஜம்? தெரியவில்லை என்றேன். மண்ணை என்ன செய்வீர்கள்? பக்கத்திலேயே குவித்து, போகிறவன் ஒவ்வொருவனும் ஒரு கை அள்ளிப் போட வேண்டும் என்றேன். பூனை செய்கிறதே என்று வாய் வரை வந்துவிட்டது, விழுங்கினேன்.

இரண்டாவது கேள்வி இன்னும் மோசம். சர்தார் என் தாளைப் பார்த்து, வட ஆற்காடு மாவட்டமா என்று கேட்டார். ஆமாம் சார். உங்கள் ஊரில் பெரும்போர்க் கல் இருக்கிறதா? இருந்தது. முதல் உலகப்போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று இங்கிலீஷில் பொறித்த பலகைக் கல். எங்கள் பக்கத்து ஊர்கள் பலவற்றில் உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தினமும் அதன் மேல் பையைச் சாய்த்துவிட்டுச் செருப்பு வாரை மாட்டியிருக்கிறேன். எத்தனை பேர் என்று கேட்டார். "படித்ததில்லை சார்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் மலேரியா மாத்திரை அளவு கேட்டார், சொன்னேன், முடிந்தது. வெளியே வந்து, கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரிலேயே கிளினிக் போட வேண்டியதுதான் என்று தீர்மானித்தேன். மறுநாள் உடல் பரிசோதனை: மார்பு அளவு, பாதம் தட்டையா, நிறக்குருடு உண்டா, காதுக்குள் டார்ச். ஆறேழு வாரம் கழித்துத் தபால் வந்தது. எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதையைத் தம்பி மகளிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு ஃபைலைத் திறந்து கக்கூஸ் என்று ஒரு பக்கம் சேர்த்தாள். இதுதான் எனக்கு அலுப்பு. எதைச் சொன்னாலும் கேள்வி நம்பர் முந்நூற்றொன்று ஆக்கிவிடுகிறார்கள்.

நெட்லிக்குத் திரும்புவோம். அங்கே வரிசை எதற்கு அவ்வளவு முக்கியம் என்றால், மேலே வந்தவன் வங்காளத்தைக் கேட்டு வாங்குவான். மெட்ராஸ் கடைசியில் மிஞ்சுகிறவர்களுக்கு. போர் நடப்பது வடக்கே. பதவியும் பதக்கமும் அங்கே. 1881-இல் ரொனால்ட் ராஸ் என்ற ஜெனரல் மகன், கவிதை எழுதுவதிலும் சங்கீதத்திலும் மனதை வைத்திருந்தவர், அப்பாவின் கட்டாயத்துக்காக எழுதித் தேறிய இருபத்திரண்டு பேரில் பதினேழாவதாக வந்தார். மெட்ராஸ் கிடைத்தது. பதினேழாம் இடத்துக்காரருக்குப் பதினாறு வருஷம் கழித்து, 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி தெரிந்தது. அதே வருஷம் அதற்கு முன்னால் ஊட்டிக்கு லீவில் போனவர், காய்ச்சலுக்குப் பேர்போன சீகூர் கணவாயில் கொசு பிடிக்க இறங்கி, தானே மலேரியா வாங்கிக்கொண்டு வந்தார். 1902-இல் நோபல் பரிசு. அந்தப் பதினாறு பேரில் ஒருவர் பெயரும் எனக்கு வாயில் வரவில்லை.

சார்லஸ் டொனோவானும் இப்படி மெட்ராஸுக்கு வந்த ஐ.எம்.எஸ். ஆள்தான். நெட்லியில் வில்லியம் லீஷ்மன் ஒரு சிப்பாயின் பிணத்து மண்ணீரலில் பார்த்த விசித்திரப் புள்ளிகளை, டொனோவான் 1903-இல் நம் பொது ஆஸ்பத்திரியில் உயிரோடிருந்த சிறுவன் ஒருவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்த ரத்தத்தில் பார்த்தார். காலா அசாரின் கிருமி அது. எது யாருடையது என்று எழுந்த சண்டையில் ராஸ் நடுவராக இருந்து இருவர் பெயரையும் சேர்த்து வைத்துவிட்டார்: லீஷ்மேனியா டொனோவானி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது இதில் ஒரு பாதி சென்னை சென்ட்ரலுக்கு எதிரே நடந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் கிங்கும் ஐ.எம்.எஸ்.தான், குன்னூரில் எலிகளுக்கு நம் சோற்றையும் வடக்கத்திச் சப்பாத்தியையும் போட்டு ஒப்பிட்ட மக்காரிசனும் ஐ.எம்.எஸ்.தான். ஆக, பட்டாளத்துக்கென்று பொறுக்கியவர்கள் ஊர் வேலையும் நிறையப் பார்த்திருக்கிறார்கள். அதே நேரம், நம்மூர்க்காரர் ஒருவர், லட்சுமணசுவாமி முதலியார், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜுக்கு முதல் இந்திய பிரின்சிபால் ஆக 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் உலகப்போர் வந்ததும் பரீட்சையை நிறுத்திவிட்டார்கள். ஆள் தேவை, முறை பார்க்க நேரமில்லை. தற்காலிகக் கமிஷன் கொடுத்து இந்திய டாக்டர்களை வாரி எடுத்தார்கள். ஜஸ்டிஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி.எம். நாயர்கூட அந்த நாளில் 'மெட்ராஸ்' என்ற ஆஸ்பத்திரிக் கப்பலில் டாக்டராகப் பணியாற்றியவர். போர் முடிந்தும் பழைய போட்டிப் பரீட்சை பழைய இடத்துக்கு வரவில்லை. கமிட்டி கூப்பிட்டு, பார்த்து, பேசி, நியமிக்கும் முறை வேரூன்றியது. விடைத்தாளுக்கு முகம் இல்லை என்ற ஒரே ஒரு சௌகரியமும் போயிற்று. வெள்ளைக்காரர் விகிதம் குறையக்கூடாது என்ற கணக்கும் அந்தக் கமிட்டிகளோடு உட்கார்ந்திருந்தது. 'ஏற்றவர்' என்ற சொல் கெட்டதற்குப் பயன்பட்டது என்றேனே, அது இதுதான்.

பெரிய தாத்தாவுக்கு இந்தப் பஞ்சாயத்து எதுவும் கிடையாது. அவரை எந்தக் கமிட்டியும் 'ஏற்றவரா' என்று கேட்கவில்லை. பின்வாசலுக்கு அந்தக் கேள்வி இல்லை. 1943 ஏப்ரல் 3-ஆம் தேதி ஐ.எம்.எஸ்.ஸின் ராணுவப் பகுதியையும், மெடிக்கல் டிபார்ட்மென்ட்டையும், நர்ஸிங் சிப்பாய்கள் இருந்த ஹாஸ்பிடல் கோரையும் ஒன்றாகக் கலந்து இந்தியன் ஆர்மி மெடிக்கல் கோர் என்று ஆக்கினார்கள். ஜப்பான்காரன் பர்மாவில் நின்றுகொண்டிருக்கும்போது இரண்டு வாசல் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. எல்.எம்.பி.களுக்கும் கமிஷன் கிடைத்தது. ஜமேதார் டாக்டர் லெஃப்டினென்ட் டாக்டர் ஆனார். தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு எடுத்த படம் ஒன்று இருந்ததாம். அதை யார் எடுத்துப் போனார்கள் என்று குடும்பத்தில் இன்றும் சச்சரவு.

பர்மாவில் அவர் செய்த பெரிய வேலை என்ன என்று அப்பா ஒருமுறை கேட்டாராம். "மாத்திரை முழுங்க வெச்சேன்" என்றாராம். மெபாக்ரின். தோலை மஞ்சளாக்கும் கசப்பு மாத்திரை. ஆண்மை போய்விடும் என்று புரளி வேறு. சிப்பாய்கள் நாக்கடியில் ஒதுக்கித் துப்பினார்கள். அங்கே படைத்தலைவராக இருந்த ஜெனரல் ஸ்லிம் திடீரென்று ரத்தச் சோதனை வைத்து, மாத்திரை சரிவரப் போகாத பட்டாளங்களின் கமாண்டிங் ஆபீசர்கள் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார். அதன் பிறகுதான் மலேரியாக் கணக்கு இறங்கியது. தாத்தா வரிசையில் ஒவ்வொருவன் வாயையும் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாராம். ராயபுரத்தில் அவர் படித்த சர்ஜரி எல்லாம் அங்கே அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை.

சுதந்திரத்தோடு ஐ.எம்.எஸ். முடிந்தது. பி.சி. ராய் தலைமையில் ஒரு கமிட்டி, முப்படைகளின் மருத்துவத்தையும் ஒரே குடையில் கொண்டுவரச் சொன்னது. 1948 மே மாதம் புனாவில் ஆர்ம்டு ஃபோர்ஸஸ் மெடிக்கல் காலேஜ் உருவானது. இதில் பலர் கவனிக்காதது, அது முதலில் மேல்படிப்புக்கென்றே ஏற்பட்ட இடம். ஏற்கெனவே டாக்டரானவர்களை ஸ்பெஷலிஸ்ட் ஆக்குவதற்கு. எம்.பி.பி.எஸ். படிக்கும் பையன்கள் 1962 ஆகஸ்டில்தான் அங்கே நுழைந்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் சீனப் போர். அந்த முதல் வரிசைப் பிள்ளைகள் உடற்கூறு அறையில் எலும்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, வடகிழக்கு எல்லையான நேஃபாவில் டாக்டர் போதாமல் சிவில் டாக்டர்களுக்கு அவசரக் கமிஷன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த பெண்களில் ஒருவர் திருப்பதியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பத்மாவதி. பின்னாளில் பந்தோபாத்யாய என்ற பெயரோடு விமானப்படையின் முதல் பெண் ஏர் மார்ஷல் ஆனார்.

எங்கள் காலத்தில் மேல்படிப்புக்கு 'அட்வான்ஸ் கோர்ஸ்' என்று பெயர். உள்ளே சேர்ந்து சில வருஷம் பட்டாளத்தோடு திரிந்து, பட்டாளத்து வைத்திய அறையான எம்.ஐ. ரூமில் கால் கொப்புளமும் முதுகுவலியும் பார்த்து, பிறகு பரீட்சை எழுத வேண்டும். தேறினால் புனாவோ ஏதாவது கமாண்ட் ஹாஸ்பிடலோ. முடித்தால் 'கிரேடட் ஸ்பெஷலிஸ்ட்', இன்னும் சில வருஷம் கழித்து 'கிளாசிஃபைடு ஸ்பெஷலிஸ்ட்'. நான் கிரேடட் ஆன செய்தியைப் போனில் சொன்னபோது அம்மா, "என்னடா, செகண்டரி கிரேடு வாத்தியார் மாதிரி?" என்றாள். முதல் முறை எழுதி நான் தோற்றேன். ஒரு மலைப் போஸ்டில் பனிக்குள் இருந்தபோது ஹாரிசன் மெடிசின் புத்தகத்தின் இரண்டு வால்யூமையும் கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டு போனேன். கைவிரல் மரத்துப்போனவனையும் மூச்சுத்திணறியவனையும் இறக்கி அனுப்பிவிட்டு வந்தால், கெரசின் ஸ்டவ் பக்கத்தில் புத்தகத்தைத் திறந்த இரண்டாம் நிமிஷம் தூக்கம். குறை யாருடையதும் இல்லை, என்னுடையதுதான். என்னோடு அதே மலையில் இருந்த இன்னொருவன் அந்த முறையே தேறினான்.

இப்போது நீட் பி.ஜி. மார்க் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. புனாவில் மேல்படிப்பு இடங்களில் பணியில் இருப்பவர்களுக்கு முதல் உரிமை. வெளி ஆட்கள் கடைசியில், அதுவும் சில வருஷம் சீருடை போட ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து. தம்பி மகளின் கணக்கும் அதுதான்: உள்ளே போய், முதல் உரிமையைப் பிடிப்பது. கெட்டிக்காரக் கணக்கு. சூர்ஜோ குமாரும் வேறு கணக்கு போட்டிருக்க மாட்டார்.

மூன்று சாயங்காலம் திண்ணையில் நான் போர்டு, அவள் அபேட்சகி. நான் சர்தார் குரலில் கேட்டுப் பார்த்தேன். அவள் சிரித்துவிடுவதால் விட்டுவிட்டேன். குடிநீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு, இருபது பேருக்கு ஒரே நாளில் வயிற்றுப்போக்கு என்றால் முதலில் யாரைப் பார்ப்பாய் (நோயாளியை என்றாள், சமையல்காரனின் நகத்தை என்றேன்), கமாண்டிங் ஆபீசர் 'இவனுக்கு லீவு கொடுக்காதே' என்றால் என்ன சொல்வாய். பார்க் புத்தகத்தைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "இது பழைய எடிஷன் பெரியப்பா" என்றாள். கக்கூஸ் மாறியிருக்காது, படி என்றேன்.

கடைசியில் அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டேன். அவளும் படித்ததில்லை. எங்கள் ஊர்தான் அவளுக்கும் ஊர்; திருவிழாவுக்குப் போவாள், கல்லைத் தாண்டித்தான் கோயில். தில்லிக்கு ரயில் ஏறுவதற்கு முந்தின ஞாயிறு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போயிருக்கிறாள். மத்தியானம் போன் வந்தது.

"பெரியப்பா, கல் இருக்கு. ஆனா பொங்கலுக்குச் சுவரோட சேத்து இதுக்கும் சுண்ணாம்பு அடிச்சிட்டாங்க. எழுத்து மேடு தட்டுது, நம்பர் தெரியல."

"விரலால தடவிப் பாரேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பக்கத்தில் ஆடு ஒன்று கத்துவது கேட்டது.

"முதல்ல ஒரு ஒண்ணு இருக்கு," என்றாள். "இருங்க, சாவியால சுரண்டுறேன்."